சேலத்தில் ஒரு ரயில் காட்சி எடுப்பது எப்படி?

முதல் குறும்படம் எடுக்கக் கிளம்புகிறவர்களில் பலர் கதைக்குள் எப்படியாவது ஒரு ரயிலைக் கொண்டுவந்துவிடுகிறார்கள். சூரமங்கலத்தில் ஜங்ஷனையும் ஊருக்குக் குறுக்கே விருத்தாசலம் லைனையும் வைத்துக்கொண்டிருக்கிற சேலத்துக்காரர்களுக்கு அந்த ஆசை வராவிட்டால்தான் ஆச்சரியம். கையில் ஃபோன் இருக்கிறது, பத்து ரூபாய்க்குப் பிளாட்பார டிக்கெட் கிடைக்கிறது, வேறென்ன வேண்டும் என்று போய் நிற்பார்கள். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் ரயில் இருக்கும், காட்சி இருக்காது.

பெரிய கேமரா இல்லாமல், சட்டத்தை மீறாமல், யாருக்கும் அடிபடாமல் ஒரு ரயில் காட்சியை எடுத்து முடிக்கும் வழியை வரிசையாகச் சொல்கிறேன். வரிசையை மாற்றாதீர்கள். கடைசியில் செய்ய வேண்டிய வேலை ரயிலைப் படம்பிடிப்பது. எல்லோரும் அதைத்தான் முதலில் செய்கிறார்கள்.

ரயிலுக்கு என்ன வேலை?

சினிமாவில் ரயிலுக்கு ஏன் இவ்வளவு மவுசு என்று கேட்டால் வேகம், புகை, பிரம்மாண்டம் என்பார்கள். நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. ரயில் யாருக்காகவும் காத்திருக்காது, அதுதான் விஷயம். பஸ்ஸை "அண்ணா, ஒரு நிமிஷம்" என்று கையைக் காட்டி நிறுத்திவிடலாம். ரயிலில் அந்தக் கதை நடக்காது. அது நகர்வதற்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லியாக வேண்டும், அல்லது சொல்லாமலே விட வேண்டும். மண்டையைக் குடைந்து நாம் கண்டுபிடிக்க வேண்டிய கெடுவை ரயில்வே கால அட்டவணை சும்மா கொடுத்துவிடுகிறது.

1982-ல் வந்த 'மூன்றாம் பிறை'யின் கடைசிக் காட்சியை நினைத்துப் பாருங்கள். நீலகிரியின் கேத்தி ஸ்டேஷனில் எடுத்தது. அங்கே வில்லன் என்று ஒருவரும் கிடையாது, ரயில் கிளம்புகிறது, அவ்வளவுதான். 1978-ன் 'கிழக்கே போகும் ரயி'லில் அதே ரயில் தபால்காரன் வேலை பார்க்கிறது. கடைசிப் பெட்டியில் எழுதி அனுப்பினால் சேதி போய்ச் சேர்ந்துவிடும். கெடு வைப்பது, சேதி கொண்டுபோவது ஆகிய இந்த இரண்டுடன் ஜன்னல் வழியாக ஓடும் ஊரைக் காட்டுவதையும் சேர்த்தால், ரயிலுக்குப் பெரும்பாலும் இந்த மூன்று வேலைகள்தான். உங்கள் கதையில் எது என்று ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பத்து நிமிடப் படத்தில் மூன்றையும் திணித்தால் ஒன்றும் நிற்காது.

ஒரு சோதனை இருக்கிறது. ரயில் இருக்கும் இடத்தில் பஸ்ஸைப் போட்டு எழுதிப் பாருங்கள். காட்சி அப்படியே நின்றால் பஸ்ஸையே வைத்துக்கொள்ளுங்கள், அலைச்சல் மிச்சம்.

இரண்டு படம் பார்த்தால் போதும்

சினிமாவின் முன்னோடிகளான லூமியேர் சகோதரர்கள் 1895-ல் பிரான்ஸின் லா சியோட்டா ஸ்டேஷனில் எடுத்த படம் முதலாவது. ஓடும் நேரம் ஏறக்குறைய 50 விநாடி. திரையைக் கிழித்துக்கொண்டு ரயில் வருகிறது என்று ஜனங்கள் எழுந்து ஓடினார்கள் என்ற கதையை எல்லோரும் சொல்வார்கள், ஆனால் அதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. அதை விட்டுவிட்டு கேமரா நிற்கும் இடத்தைக் கவனியுங்கள். பிளாட்பாரத்தில் சாய்வாக வைத்திருக்கிறார்கள். ரயில் தூரத்தில் ஒரு புள்ளியாகத் தொடங்கி, கேமராவை அசைக்காமலே, கிட்டே வந்து திரையின் ஓரத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. லாங் ஷாட்டும் க்ளோஸ் அப்பும் ஒரே ஷாட்டில் வந்துவிடுகின்றன. பிளாட்பாரத்தில் நடமாடுகிறவர்களில் லூமியேர் வீட்டு ஆட்களும் உண்டு. துணை நடிகருக்குக் காசில்லையே என்று கவலைப்படுகிறவர்கள் சித்தியையும் மாமாவையும் கூப்பிடத் தயங்க வேண்டாம்.

அடுத்தது சத்யஜித் ராய் 1955-ல் வெளியிட்ட 'பதேர் பாஞ்சாலி'. அக்காவும் தம்பியும் ரயில் பார்க்கும் காட்சியில் ரயில் கடைசியில்தான் வருகிறது. அதற்கு முன்னால் கம்பத்தில் காதை வைத்து ரீங்காரம் கேட்கிறார்கள், நாணல் பூக்களுக்கு நடுவே நடக்கிறார்கள். நம்மையும் காக்க வைத்துவிட்டுத்தான் ராய் ரயிலைக் காட்டுகிறார். இந்தக் காட்சியின் ஒரு பகுதியை எடுத்துவிட்டு மறுபடி போனபோது பூக்களை மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன, அடுத்த பருவம் வரை காத்திருந்தார்கள். திரையில் ஒரே ரயிலாகத் தெரிவதும் ஒன்றுக்கு மேற்பட்ட ரயில்களைச் சேர்த்தது. நமக்கு இதில் இரண்டு பாடம்: வெளிப்புறக் காட்சியைத் தவணை முறையில் எடுக்காதீர்கள், ரயில் கிடைக்கும்போதெல்லாம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

போகிற போக்கில் இன்னொன்று. தென்னிந்தியாவில் ஊர் ஊராகப் போய்ப் படம் காட்டிய சாமிக்கண்ணு வின்சென்ட் திருச்சியில் ரயில்வே ஊழியர். 1905-ல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரும் படங்களும் வாங்கிக்கொண்டு கிளம்பியவர், 1914-ல் கோவையில் வெரைட்டி ஹாலைக் கட்டினார். நம் பக்கத்தில் சினிமாவுக்கும் ரயிலுக்கும் உள்ள உறவு கதைக்குள் மட்டும் தொடங்கியதல்ல.

கேமரா இல்லாமல் ஒரு நாள்

பிளாட்பார டிக்கெட் இரண்டு மணி நேரம் செல்லும். ஃபோனைப் பையில் போட்டுவிட்டு ஒரு நோட்டோடு போய் உட்காருங்கள். எந்த வண்டி எத்தனை நிமிடம் நிற்கிறது, வெளிச்சம் எங்கே விழுகிறது, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று தொடங்கியதும் யார் யார் தலையைத் தூக்குகிறார்கள் என்றெல்லாம் எழுதுங்கள். வழியனுப்ப வந்தவர்கள் ஜன்னல் கம்பியை எப்படிப் பிடித்துக்கொள்கிறார்கள் என்று முக்கியமாகப் பாருங்கள். சொல்ல ஒன்றும் மிச்சமில்லாத அந்தக் கடைசி இரண்டு நிமிடத்தில் "தண்ணி பாட்டில் இருக்குதா?" என்று மூன்றாம் முறை கேட்பார்கள். எழுதி வராத வசனம் அங்கே காதில் விழும்.

இடத்தையும் அன்றைக்கே முடிவு செய்யலாம். ஜங்ஷனில் கூட்டம், கூரை, கூவி விற்கும் குரல் எல்லாம் உண்டு, ஆனால் எதுவும் நம் கட்டுப்பாட்டில் இருக்காது. டவுன் ஸ்டேஷனும் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் இருக்கும் மார்க்கெட் ஸ்டேஷனும் சிறியவை. இரண்டு பேர் மட்டும் பேசும் காட்சிக்கு அவைதான் சரி.

ஜன்னல் காட்சி வேண்டுமென்றால் ஜோலார்பேட்டை லைன். பொம்மிடி தாண்டி லோக்கூர், தின்னப்பட்டி வரைக்கும் சேர்வராயன் மலை கூடவே வரும். சென்னையிலிருந்து வரும்போது இடது பக்கம், போகும்போது வலது பக்கம். மலை லைனுக்குக் கிழக்கே இருப்பதால் காலையில் சரிவு நிழலில் கிடக்கும், பிற்பகலுக்கு மேல்தான் வெயில் அதன்மேல் நேராக விழும். பக்கத்து வேலமரம் விர்ரென்று ஓட, தூரத்து மலை நகராமல் நிற்கிற அந்த ஷாட்டுக்கு ட்ராக், டிராலி எதுவும் தேவையில்லை. ஏசி பெட்டியின் மங்கல் கண்ணாடி வேண்டாம். கம்பி போட்ட சாதாரண ஜன்னலுக்குப் போங்கள், கம்பியும் ஃப்ரேமுக்குள் வரட்டும். ஏற்காட்டுக்கு ரயில் கிடையாது என்பதைக் கதை எழுதும் வெளியூர் நண்பர்களுக்குச் சொல்லி வைப்பது நல்லது.

எழுதுங்கள், நிறுத்தம் அளவுக்கு மட்டும்

வண்டி மூன்று நிமிடம் நின்றால் உங்கள் காட்சியும் மூன்று நிமிடம். நான் ஒரு மாதிரி சொல்கிறேன். மகன் சென்னைக்கு வேலைக்குப் போகிறான். விருத்தாசலம் வழியாக எழும்பூர் போகும் இரவு ரயில். அம்மா ஜன்னலருகில் நிற்கிறார்.

"கொழம்பு டப்பாவச் சாச்சு வெக்காத கண்ணு, கொட்டிக்கும்."

"சரிம்மா."

"தட்டுவடை அடியில இருக்குது. மேல எதையும் வெச்சராத, நொறுங்கிப் போயிரும்."

"சரிம்மா. அப்பா எங்க?"

"வண்டி எடுத்துட்டாராம். வந்துருவாரு."

ரயில் நகர்கிறது. அப்பா வரவில்லை. அடுத்த காட்சியில் ஊருக்குள் ஒரு ரயில்வே கேட். மூடியிருக்கிறது. அப்பா பைக்கை அணைத்துவிட்டு நிற்கிறார். மகன் போகிற அதே ரயிலுக்காகத்தான் கேட் போட்டிருக்கிறார்கள். விளக்கெரியும் ஜன்னல்கள் ஒவ்வொன்றாக அவர் முகத்தில் வெளிச்சம் அடித்துவிட்டுப் போகின்றன. முள்ளுவாடி கேட்டிலும் அணைமேடு கேட்டிலும் காத்துக் கிடந்து வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. செலவுக் கணக்கிலும் லாபம். காட்சியின் உயிர் கேட்டில் இருக்கிறது, ஸ்டேஷனில் ஒரு ஜன்னலும் இரண்டு முகமும் போதும்.

அனுமதியும் ஆபத்தும்

இதைப் படிக்காமல் தாண்டாதீர்கள். நடிகர்களை வைத்து ரயில்வே இடத்தில் படம் எடுக்க அனுமதி வேண்டும். தெற்கு ரயில்வேயில் அதைக் கவனிப்பது சென்னையில் இருக்கும் தலைமை மக்கள் தொடர்பு அதிகாரி அலுவலகம். கதைச் சுருக்கமும் எடுக்கப்போகும் காட்சியின் விவரமும் கேட்பார்கள். கட்டணம், வைப்புத்தொகை, காப்பீடு எல்லாம் உண்டு. மாணவர் படம் என்றால் கல்லூரியின் கடிதத்தோடு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். அனுமதி வரும்வரை ஸ்டாண்டு, லைட், மைக் கம்பு எதையும் பிளாட்பாரத்துக்குள் கொண்டுபோக வேண்டாம். சொந்த நினைவுக்கு ஃபோனில் எடுப்பதாக இருந்தாலும் பணியில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பிறகு பேச்சு வளராது.

தண்டவாளத்தில் இறங்கவே கூடாது. 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவு அத்துமீறி நுழைகிறவர்களுக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 1000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. சட்டத்தை விடுங்கள். நூறு கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி பிரேக் போட்டால் நிற்பதற்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் ஆகும். லோகோ பைலட் உங்களைப் பார்த்தாலும் அவரால் செய்வதற்கு ஒன்றும் இல்லை. மின்சார ரயிலும் சத்தமில்லாமல் வந்துவிடும்.

மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட். தொட வேண்டும் என்பதில்லை, இரண்டு மீட்டருக்குள் போனாலே ஆபத்து. நீளமான மைக் கம்பு, செல்ஃபி ஸ்டிக், குடை எதையும் அந்தப் பக்கம் தூக்காதீர்கள். 1998-ல் 'உயிரே' படத்தில் கூரைமேல் ஆடினார்களே என்று யாராவது கேட்பார்கள். அது நீலகிரி மலை ரயில். மெதுவாகப் போவது, அந்தப் பாதையில் மின்கம்பியும் கிடையாது. நம் லைனில் கூரைக்காட்சியை யோசிக்கவே வேண்டாம். கேட் காட்சியையும் மூடிய கேட்டுக்கு வெளியே, சாலையின் ஓரத்தில், போக்குவரத்தை மறிக்காமல் எடுங்கள்.

பெட்டிக்குள் நடப்பதை வீட்டில் எடுங்கள்

புதியவர்கள் நம்ப மறுக்கும் இடம் இது. ஓடும் பெட்டிக்குள் வசனக் காட்சி எடுத்தால் சத்தம் கெடும், பக்கத்து சீட்டுக்காரர் கேமராவையே பார்ப்பார், வெளிச்சம் நொடிக்கு நொடி மாறும். அதைச் சுவரோரமாக ஒரு பெஞ்சைப் போட்டு, ராத்திரியில், வீட்டிலேயே எடுத்துவிடலாம்.

நீல ரெக்ஸின் துணியை பெஞ்சின்மேல் இழுத்துக் கட்டுங்கள். பழைய ஜன்னல் சட்டத்தில் கிடைமட்டமாகக் கம்பி போடுங்கள். வெளியே கும்மிருட்டாக இருக்கட்டும். ஓர் ஆள் எல்இடி விளக்கை நடிகரின் முகத்துக்குச் சாய்வாகப் பிடிக்க, இன்னொருவர் வேப்பங்கொத்தையோ அட்டைத் துண்டையோ அதன் குறுக்கே ஒரே திசையில் வீசிக்கொண்டே இருக்க வேண்டும். முன்னும் பின்னுமாக ஆட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும். எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல் போர்டு போதும். பெஞ்சின் ஒரு காலுக்கடியில் மடித்த துணியை வைத்து லேசாக அசைக்கலாம். கேமராவும் கூடவே கொஞ்சம் அசைய வேண்டும், ஆனால் இரண்டும் ஒரே தாளத்தில் வேண்டாம். தொலைக்காட்சித் தொடர்களில் இந்த அசைவு எப்போதும் கூடிப்போய், குதிரைவண்டிப் பயணமாகத் தெரியும். பாதியாகக் குறையுங்கள்.

இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. டி.ஆர். சுந்தரம் 1935-ல் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கி, ஸ்டுடியோவுக்குள்ளேயே உலகத்தை உண்டாக்கிப் படமெடுத்த ஊர் இது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-ல் அங்கிருந்துதான் வந்தது. ஏற்காட்டுக்குப் போகும்போது வழியில் அந்த ஸ்டுடியோவின் நுழைவாயில் வளைவை இப்போதும் பார்க்கலாம்.

இப்போது ரயிலை எடுங்கள்

லூமியேர் நின்றதுபோலச் சாய்வாக நில்லுங்கள். வண்டியின் பக்கவாட்டில், கிட்டத்தில் நின்று ஃபோனில் எடுத்தால் பெட்டிகள் சரிந்து தெரியும். சென்சார் படத்தை வரிவரியாகப் படிப்பதால் வரும் கோளாறு அது. ஃபோகஸையும் வெளிச்ச அளவையும் பூட்டிவிடுங்கள், இல்லையென்றால் எஞ்சின் விளக்கு வந்ததும் மொத்தப் படமும் இருண்டுவிடும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விநாடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு என்று வைத்தால் பிளாட்பார விளக்குகள் துடிக்காது.

திசை மாறக்கூடாது. ஸ்டேஷனில் ரயில் திரையின் இடமிருந்து வலமாகக் கிளம்பினால் கேட்டிலும் இடமிருந்து வலமாகத்தான் போக வேண்டும். சினிமாக்காரர்கள் 'லைன் கிராஸ்' என்று சொல்லும் இந்தத் திசை மாற்றம் நடந்துவிட்டால் மகன் வீட்டுக்குத் திரும்பி வருவதாகத் தோன்றும். கேட்டின் எந்தப் பக்கம் நிற்பது என்பதை இதை வைத்தே முடிவு செய்யுங்கள், டீக்கடை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை வைத்தல்ல.

சத்தம்தான் பாதிப் படம்

ஒலியை நன்றாகப் பிடித்துவிட்டால் ரயிலைக் காட்டாமலேகூடத் தப்பிக்கலாம். தனி ரெக்கார்டர் இல்லாவிட்டால் இரண்டாவது ஃபோனை வைத்து ஒலியை மட்டும் பதிவு செய்யுங்கள், காற்று அடிக்காமல் மைக்கின்மேல் ஒரு பஞ்சுத்துணி. தூரத்துச் சத்தம், கிட்டே கடக்கும் சத்தம், பெட்டிக்குள் கேட்கும் சத்தம், ரயில் போனபின் கேட்டில் இருக்கும் சத்தம் என்று நான்கையும் தனித்தனியாக எடுங்கள். கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். கேட் தூக்கியதும் எல்லா பைக்கும் ஒரே நேரத்தில் உறுமும் அந்தச் சத்தத்தை எந்தச் சேமிப்பிலிருந்தும் இறக்க முடியாது.

"தடக் தடக்" எங்கே என்று தேடுவீர்கள். பழைய தண்டவாளங்கள் 13 மீட்டர் துண்டுகளாக இருந்தன. ஒவ்வொரு இணைப்பிலும் சக்கரம் தட்டிய சத்தம் அது. அந்தக் காலத்தில் 47 விநாடிக்குள் எத்தனை இணைப்பு கடக்கிறது என்று எண்ணினால் அதுவே மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று வேகமாகிவிடும். இப்போது தண்டவாளத்தை நீளமாகப் பற்றவைத்துவிட்டதால் அந்தத் தாளம் பெரும்பாலும் போய்விட்டது. ஜங்ஷனை விட்டு வெளியேறும்போது தண்டவாளம் பிரியும் பாயின்ட்டுகளைத் தாண்டுகையில் இன்னும் கேட்கும். அதைப் பெட்டிக்குள்ளிருந்து பதிவு செய்துகொள்ளுங்கள். இன்றைய கதையில் நடுவழியிலும் அதை ஓட்டலாமா என்றால், நான் ஓட்டுவேன். பார்க்கிறவர்களின் காது ரயில் என்றால் அதைத்தான் எதிர்பார்க்கிறது.

ஹாரன் விஷயத்தில் மட்டும் ஏமாற்ற முடியாது. வண்டி வரும்போது சுருதி ஏறியும் கடந்தபின் இறங்கியும் கேட்கும். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகம் என்றால் இறக்கம் ஏறக்குறைய சதுஸ்ருதி ரிஷபத்திலிருந்து சட்ஜத்துக்கு, அதாவது 'ரி'யிலிருந்து 'ச'வுக்கு. நின்ற வண்டியின் ஹாரனை எடுத்து, கடக்கும் ரயிலுக்குப் போட்டால், காரணம் சொல்லத் தெரியாதவர்களுக்கும் ஏதோ உறுத்தும்.

ஒட்டும்போது

ஜன்னல்களின் வெளிச்சம் அப்பாவின் முகத்தில் விழும் ஷாட்டை ரயிலின் ஷாட்டைவிட நீளமாக வையுங்கள். முதல் வெட்டில் எல்லோரும் தலைகீழாகச் செய்வார்கள், கஷ்டப்பட்டு எடுத்த ரயிலை விட மனசு வராது. அடுத்து, பெட்டிகளைச் சரிபாருங்கள். ஸ்டேஷனில் நீலப் பெட்டி, கேட்டில் எல்எச்பி என்ற புதுவகைச் சிவப்புப் பெட்டி என்றால் இரண்டும் வேறு ரயில். ராத்திரிக் காட்சியில் நிறம் தெரியாமல் தப்பிக்கலாம், பகலில் முடியாது. கதை எண்பதுகளில் நடக்கிறதென்றால் நீலமும் செல்லாது, அன்றைக்குப் பெட்டிகள் செம்பழுப்பு. அகலப் பாதையில் நீராவி எஞ்சின் 1995-ல் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நடக்கும் கதையில் 'கூ… சிக்குபுக்கு' ஒலியைச் சேர்க்காதீர்கள். ரயிலின் கடைசிப் பெட்டியைக் காட்டினால் அதன் பின்புறம் பெரிய பெருக்கல் குறி இருக்கிறதா என்று பாருங்கள். வண்டி முழுதாக வந்து சேர்ந்துவிட்டது என்று ஸ்டேஷன்காரர்கள் அதை வைத்துத்தான் உறுதி செய்துகொள்வார்கள். சூரமங்கலத்தில் படத்தைப் போட்டுக் காட்டினால் பார்ப்பவர்களில் யாராவது ஒரு ரயில்வே ஊழியர் இருப்பார், முதல் கேள்வி அங்கிருந்துதான் வரும்.